திறப்பு யாரிடம்?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது "பெண்களும் ஆரோக்கியமும்" என்று ஏதாவது பேசும்படி கேட்டார். ஒரு டொக்டரை மேடையில் ஏற்றினால் நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்பகப் பரிசோதனை என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "அதுவும் ஒரு வருத்தந்தான்" என்றார். அவர் எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது. நான் நோய் என்ற அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை கல்லூரி வாசலிலிருந்து பஸ் நிற்கும் சந்தி வரை நடந்து பார்த்தேன். நாங்கள் படித்த காலத்தில் அந்த ஒழுங்கையின் வீடுகளை அங்கங்கே நிற்கும் நாயை வைத்துத்தான் அடையாளம் சொல்லுவோம். எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டு மதிலோரம் நெல்லிக்காய் விழுந்து கிடக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். நேற்று அந்த ஒழுங்கையில் ஐந்து கேற்றுகளில் சங்கிலிப் பூட்டுத் தொங்கியது. ஒரு வீட்டின் கூரை முகட்டில் அரசங்கன்று என் உயரத்துக்கு நிற்கிறது. கடிக்க ஒரு நாயும் இல்லை.

இது எங்கள் ஒழுங்கையின் கதை மட்டுமல்ல. இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 1981 இல் 7 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். 2012 இல் கணக்கெடுத்தபோது 6 லட்சமும் இல்லை. போனவர்கள் வீட்டைச் சுமந்துகொண்டு போகவில்லை. போனவர்களில் வசதி வந்தவர்கள் பழைய வீட்டைத் திருத்தினார்கள், சிலர் புதிதாய் மாடி வைத்தும் கட்டினார்கள். கட்டி முடித்துப் பால் காய்ச்சிப் பூட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தப் பேச்சைப் பழைய மாணவிகளிடம் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊர் வழக்கில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குப் போகும். ஒல்லாந்தர் 1707 இல் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமையிலேயே சீதனத்துக்குத் தனி இடம் உண்டு. ஆகவே பூட்டிய வீடுகளின் உறுதிகளை எடுத்துப் பார்த்தால் பலவற்றில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அவர் இந்தக் கல்லூரியில் படித்தவராக இருக்கலாம். இந்த மண்டபத்திலேயே இருக்கவும் கூடும். அப்படி ஒருத்தி மேடையில் நிற்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அம்மாவின் சீதன வீடு வலிகாமத்தில் இருக்கிறது. அப்பா காலமான பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தார். வீட்டைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்காமலே கண்ணை மூடினார். பிள்ளைகள் நாங்கள் நான்கு பேர்: அக்கா ரொறன்ரோவில், அண்ணா ஒஸ்லோவில், தங்கச்சி மெல்பேர்ணில், நான் இங்கே. இங்கே இருப்பவள் என்றபடியால் திறப்பு என்னிடம். வைத்தியசாலையிலிருந்து அரை மணித்தியால ஓட்டந்தான், ஆனால் நான் வருடத்துக்கு மூன்று தரம் போனால் அதிகம். வீட்டை என்ன செய்வது என்று வைபரில் பேசுவோம். விற்பதா என்றால் அண்ணா கோபிப்பார். வாடகைக்கு விடுவதா என்றால் அக்கா பயப்படுவார். "பிறகு பார்ப்பம்" என்று முடிப்போம். இப்படி ஆறு வருடம் போனது.

ஒரு டிசம்பர் மாதம், விடுதியில் டெங்குக் காய்ச்சலுடன் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகுதான் ஆபத்து என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில் மணிக்கு மணி பார்க்க வேண்டும். இரண்டாவது இரவு தகப்பனிடம் விலாசம் கேட்டேன். எங்கள் ஒழுங்கை. எங்கள் வீட்டுக்குப் பின்வீடு. அதுவரை "டொக்டர்" என்று பேசியவர், நான் யாரென்று தெரிந்ததும் "அக்கா" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்: "அக்கா, உங்கட வளவுக்குள்ளயும் பி.எச்.ஐ. மதிலேறிப் பாத்தவர். குசினிக்குப் பின்னால இருக்கிற தொட்டியில நிறையக் குடம்பியாம். கேற்றில நோட்டீஸ் ஒட்டியிருக்கு. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். சிவப்பு எழுத்து நோட்டீஸ். பாடசாலை பாடசாலையாகப் போய் டெங்கு பற்றி வகுப்பெடுக்கும் டொக்டரின் கேற்றில். அந்தத் தொட்டி அப்பா தன் கையாலேயே சீமெந்து பூசியது.

அந்தப் பிள்ளையைக் கடித்த நுளம்பு எங்கள் தொட்டியில்தான் பிறந்தது என்று எந்த ஆய்வுகூடமும் சொல்லாது. இல்லை என்றும் சொல்லாது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அந்த மூன்று இரவும் நான் வீட்டுக்குப் போகவில்லை. கடமைக்காக மட்டும் நின்றேன் என்று சொன்னால் பொய்.

டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் வாழ்க்கையும் எங்கள் புலம்பெயர் வாழ்க்கையும் அப்படிப் பொருந்திப் போகின்றன. அது முட்டையைத் தண்ணீரில் மிதக்க விடுவதில்லை. பாத்திரத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிவிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது, மாதக்கணக்கில் காய்ந்தபடி கிடக்கும். மழைத் தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஒரு கிழமை, பத்து நாளில் பறக்கத் தயார். அதிக தூரமும் பறக்காது, பிறந்த இடத்தைச் சுற்றியுள்ள வீடுகளில்தான் இரத்தம் தேடும்.

இப்போது நீங்கள் வரும் காலத்தை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, நல்லூர்த் திருவிழா. ஜூலை, ஓகஸ்டில் வருகிறீர்கள். நல்ல வெயில். வீட்டைத் திறக்கிறீர்கள், ஆள் பிடித்துக் கூட்டிக் கழுவுகிறீர்கள், மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றுகிறீர்கள், மூன்று கிழமை இருக்கிறீர்கள். நுளம்பு பெரிதாய் இல்லை. செப்டெம்பர் பிறக்க முன் பூட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். ஒக்டோபரில் மழை தொடங்கும். மேல் தாங்கியில் மிச்சத் தண்ணீர், கொமட்டில் தண்ணீர், சிஸ்ரேனில் தண்ணீர், பின்வளவில் கவிழ்க்காமல் விட்ட வாளி. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் எங்கள் விடுதிகள் நிரம்பும். அந்த மூன்று மாதத்தில் உங்கள் வீட்டை நீங்கள் ஒருபோதும் பார்த்ததில்லை. பின்வீட்டுக்காரர் பார்க்கிறார்.

கிணறும் இப்படித்தான். இறைத்துப் புழங்கும் கிணற்றில் தண்ணீர் உயிரோடிருக்கும். ஆண்டுக்கணக்கில் வாளி விழாத கிணறு வேறொன்றாகிவிடும். 2016 செப்டெம்பரில் இலங்கையில் மலேரியா ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துச் சில மாதங்களுக்குள், இந்நாட்டில் முன்பு காணப்படாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ட இடம் கிணறுகள். பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். உவர்த் தண்ணீரில் டெங்கு நுளம்பு வளராது என்று நம்பியிருந்தோம். யாழ் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் எங்கள் கரையோரங்களிலேயே அது வளர்வதைக் காட்டிவிட்டார்கள். ஆகவே "எங்கட கிணறு உப்புத் தண்ணி, பயமில்லை" என்ற ஆறுதலும் இல்லை.

சரி, நுளம்பை விடுங்கள். வீட்டுக்கு என்ன நடக்கிறது? நான் வைத்தியம் படித்தவள், மேசன் வேலை தெரியாது. ஆனால் எங்கள் வீட்டைத் திருத்திய மேசன் சொன்னது எனக்கு நோயாளியின் கதை போலவே கேட்டது. மரநாய் ஏறி ஓடு இரண்டு விலகியிருக்கிறது. அவ்வளவுதான் தொடக்கம். ஆள் இருக்கும் வீட்டில் அன்றிரவே நிலத்தில் தண்ணீர் சொட்டும், அடுத்த நாள் ஏணி வைத்துச் சரி பண்ணுவார்கள். ஆள் இல்லாத வீட்டில் அந்தச் சொட்டு மூன்று மாரி காலம் ஒரே சிலாகையில் விழுந்து, சிலாகை உக்கி, கூரை ஒரு பக்கம் தாழ்ந்து, சுவர் ஈரமாகி, கறையான் ஏறி, கதவு நிலை போய்விட்டது. "ஆள் புழங்கியிருந்தா இது ஒரு மணித்தியால வேலை, பிள்ளை" என்றார்.

பிறகேன் யாரும் ஆளை இருத்துவதில்லை? எங்கள் வைபர் குழுவில் வந்த காரணங்களையே சொல்லுகிறேன், உங்கள் குழுவிலும் இவைதான் இருக்கும்.

முதலாவது, "இருக்க விட்டால் ஆட்சி கேட்பார்கள்." இந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவரின் காணியை அவருடைய உரிமைக்கு எதிராக, இடையறாது 10 வருடம் ஆண்டு வந்தவர் நீதிமன்றில் உரித்துக் கேட்கலாம். போர்க்காலத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது, ஆனால் அது எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்துவதல்ல. நான் சட்டம் படித்தவள் அல்ல, ஆனால் எங்கள் வகுப்புத் தோழியான சட்டத்தரணி எனக்குப் புரியவைத்த ஒரு விடயத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். "உரிமைக்கு எதிராக" என்ற சொற்கள்தான் அந்தச் சட்டத்தின் உயிர். உங்கள் அனுமதியோடு, உங்களை உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டு, வாடகை கட்டி இருப்பவருடைய இருப்பு உங்களுக்கு எதிரான ஆட்சி அல்ல. ஆபத்து எங்கே என்றால், "சும்மா இருங்கோ, வீட்டைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று வாயால் சொல்லிவிட்டு, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல், இருபது வருடம் எட்டியும் பாராமல் விடுவதில். அதைவிட ஆபத்து, யாருமே இல்லாமல் விடுவதில். வெறும் வளவுக்குள் எல்லைக் கதியால் இரவோடிரவாய் நடந்து வருவதை இந்த ஊரில் யாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தின் முன் செல்லாது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அற்றோணித் தத்துவம் அனுப்பலாம், ஆனால் கொடுத்தவர் இறந்தால் அதுவும் அவரோடு போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். காலமான பெரியம்மாவின் தத்துவத்தைப் பத்திரமாய் வைத்துக்கொண்டு நம்பிக்கையோடிருக்கும் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். இன்னொன்று: தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் சொந்த வீட்டைக் கைமாற்றவோ குத்தகைக்குக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அந்தச் சட்டம் வந்தபோது எங்கள் சங்கம் பிறக்கவே இல்லை. எங்கள் வீட்டில் ஓர் இரவும் தங்கியறியாத மெல்பேர்ண் மச்சான் கையெழுத்து வைத்தார், ரொறன்ரோ அத்தான் வைத்தார், என் கணவர் வைத்தார். திருமணமான என் அண்ணாவுக்கு அண்ணியின் சம்மதம் தேவைப்படவில்லை. இதைப் பற்றி இன்னொரு மேடையில் பேசலாம்.

இரண்டாவது காரணம், "நாங்கள் வந்தால் தங்க இடம் வேண்டும்." நியாயம். ஆனால் எங்கள் வீடுகள் ஐந்து அறை, ஆறு அறை. இரண்டு அறையை வைத்துக்கொண்டு மற்றப் பக்கத்தைக் கொடுக்கலாம். வருடத்தில் 49 கிழமை நுளம்புக்குக் கொடுப்பதைவிட அது மேல்.

மூன்றாவது காரணம் எழுத்தில் வராது. தொலைபேசியில்தான் வரும். "வாறது ஆர் ஆக்கள்?" அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அக்கா இதைக் கேட்டபோது நான் பதில் சொல்லாமல் 1995 ஐ நினைவுபடுத்தினேன்.

ஒக்டோபர் 30 இரவு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இந்த மண்டபத்தில் என் வயதுக்காரர் எவரும் அந்த மழையை மறந்திருக்க மாட்டார்கள். செம்மணி கடந்து, நாவற்குழி கடந்து, தென்மராட்சிக்குள் போய்ச் சேர இரவும் பகலும் எடுத்தது. கொடிகாமத்துக்குக் கிட்ட ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் ஜேர்மனியில். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் திறப்பு. ஆச்சி எங்களைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், திறந்துவிட்டார். அடுத்த ஏப்ரல் வரை அந்த வீட்டில் ஒன்பது குடும்பம் இருந்தோம். அக்காவும் நானும் அந்த விறாந்தையில்தான் படித்தோம். அந்தக் காலத்தில் "ஆர் ஆக்கள்" என்று கேட்டுக் கதவைச் சாத்தியவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆச்சி கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரர் பெயர்கூட எங்களுக்கு இன்றுவரை தெரியாது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் எழும்பியவர்கள் 25 வருடத்துக்குப் பிறகும் மல்லாகத்து முகாம்களில் இருந்தபோது, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடந்தன என்பதையும் நான் அக்காவிடம் சொன்னேன். அக்கா வெகுநேரம் பேசவில்லை. அடுத்த கிழமை அற்றோணித் தத்துவம் அனுப்பினார்.

முல்லைத்தீவிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியை, கணவர், இரண்டு பிள்ளைகள். இரண்டு வருடக் குத்தகை, புதுப்பிக்கலாம். என்னென்ன பொருள் வீட்டில் இருக்கிறது என்று எழுதி இரு பக்கமும் கையெழுத்து வைத்தோம். வாடகையை நாங்கள் பங்கு பிரிப்பதில்லை. வீட்டின் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம், சோலைவரியும் திருத்த வேலையும் அதிலிருந்து. கூரை வேலைக்கு நான்கு பேரும் முதலில் போட்ட காசு இன்னும் திரும்பவில்லை, இப்போதைக்குத் திரும்பப் போவதுமில்லை. தொட்டியை உடைத்துவிட்டோம். கிணற்றை இறைத்துக் கப்பி மீன் விட்டோம், அது குடம்பியைத் தின்னும்.

எல்லாம் சுபம் என்று நினைக்க வேண்டாம். அண்ணா சம்மதித்தது ஒரு நிபந்தனையோடு: அப்பாவின் அறையைப் பூட்டியபடி விட வேண்டும். விட்டோம். போன வருடம் ஓகஸ்டில் வந்து தானே திறந்தார். அலுமாரிக்குள் அப்பாவின் புத்தகங்களைக் கறையான் மண்ணாக்கியிருந்தது. ஆட்கள் இருந்த அறைகளில் ஒன்றுமில்லை, அந்த ஒரு அறையில் மட்டும். அண்ணா விறாந்தையில் வந்து இருந்தார். ஆசிரியையின் மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். இரவு என்னிடம், "என்ர வீட்டில எனக்கு ஆரோ தேத்தண்ணி தருகினம்" என்றார். அது அவருக்கு எவ்வளவு நொந்தது என்று எனக்குத் தெரியும். நான் சமாதானம் சொல்லவில்லை. குத்தகை புதுப்பிக்கும் கடதாசி இந்த மாதம் ஒஸ்லோவுக்குப் போயிருக்கிறது, இன்னும் கையெழுத்தாகி வரவில்லை.

எல்லோராலும் ஆளை இருத்த முடியாது. வழக்கில் கிடக்கும் வீடு இருக்கும், இருக்கவே முடியாத அளவுக்கு இடிந்த வீடு இருக்கும். அவர்கள் போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மேல் தாங்கியை வெறுமையாக்கி மூடிக்குக் கீழே வலை கட்டுங்கள். சிஸ்ரேனை வடித்துவிட்டு, கொமட்டைப் பொலித்தீனால் இறுக்கி மூடி ஒட்டுங்கள். கிணற்றுக்கு வலையும் மீனும். வாளி, சட்டி, தேங்காய்ச் சிரட்டை எல்லாம் கவிழ்த்தோ அகற்றியோ விடுங்கள். பிறகு ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துக் கிழமைக்கு ஒரு தடவை வளவைப் பார்க்கச் செய்யுங்கள். மாதத்துக்கு ஒரு தடவை போதாது, முட்டை பறக்க ஒரு கிழமைதான் எடுக்கும் என்று சொன்னேன். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வீட்டுக்காரரைத்தான் பொறுப்பாக்குகிறது, அவர் எந்த நாட்டில் இருந்தாலும். திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள். உறவினரிடம் அல்ல, பக்கத்து வீட்டில். கடிபடப் போவது அவர்கள் பிள்ளைதான், ஆகவே அவர்கள் திறந்து பார்ப்பார்கள்.

தேநீர் வேளையில் எங்கள் சங்கத்துச் சட்டத்தரணிகள் இருவர் மண்டபத்தின் பின்பக்கம் ஒரு மேசை போட்டு இருப்பார்கள். சங்கத்திடம் வாடகை வீடு தேடும் ஆசிரியைகள், தாதியர், வெளி மாவட்டப் பல்கலைக்கழக மாணவிகளின் பெயர்கள் ஒரு கொப்பியில் இருக்கின்றன. உறுதியின் பிரதி கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீடு எந்த ஊரில், யார் பெயரில், திறப்பு யாரிடம் என்று சொன்னால் போதும். நானும் அங்கேதான் நிற்பேன், இரத்த அழுத்தம் பற்றிக் கேட்க விரும்புபவர்களும் வரலாம்.